வாங்கியவருக்கா, ஆட்டுவித்தவருக்கா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஒரு கால்பந்து அணியின் வெற்றியில் பயிற்சியாளரின் பங்கைவிட, ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கும் மேலாளரின் பங்கே பெரிது என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், உறைபனிக் காலத்தில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச நீலகிரியில் வேறு விஷயமே இல்லை போலிருக்கிறது. பெரும்பாலானவை என்னை மறுத்து எழுதப்பட்டவை. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை முழுவதும் இந்த வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். "பெயரைப் போட்டால் நண்பர்கள் என்னைக் கடைக்குள் விடமாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பதால், எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும்.

கேள்வி (குன்னூர்): பெட்ஃபோர்டு பக்கம் ஒரு டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் வழக்கமாகக் கூடுவோம். மூவர் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ரசிகர்கள். "எகிப்து வீரர் சலாவை விற்ற ரோமாவின் மோன்சி ஏமாளி, வாங்கிய மைக்கேல் எட்வர்ட்ஸ்தான் லிவர்பூல் அணியைக் கட்டியவர்" என்கிறார் ஒருவர். "யார் வாங்கினால் என்ன, சலாவைச் சலாவாக்கியவர் பயிற்சியாளர் யூர்கன் கிளாப்" என்கிறார் இன்னொருவர். பேச்சு முற்றி, ஒரு வாரமாக இருவரும் தனித்தனி பெஞ்சில் உட்காருகிறார்கள். தாங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பதில்: இருவரையும் ஒரே பெஞ்சுக்குக் கொண்டுவரும் தீர்ப்பு என்னிடம் இல்லை. இருவரும் பேசாமல் விட்ட சில விவரங்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறேன்.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கிளப்புகளில் ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று ஒரு பதவி உண்டு. யாரை என்ன விலைக்கு வாங்குவது, யாரை எப்போது விற்பது, யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடுவது என்பவையெல்லாம் அவர் பொறுப்பு. கிடைத்த ஆள்களை வைத்து ஆட்டத்தை வெல்வது பயிற்சியாளர் பொறுப்பு. எட்வர்ட்ஸ் 2011இல் ஆட்டப் பகுப்பாய்வு வேலைக்காக லிவர்பூலுக்கு வந்து, 2016 நவம்பரில் அந்தப் பதவிக்கு உயர்ந்து, 2022 கோடையில் விலகியவர். மோன்சி என்று எல்லாரும் அழைக்கும் ரமோன் ரோட்ரிகஸ், ஸ்பெயினின் செவியா கிளப்பில் கோல்கீப்பராக இருந்தவர். 2000இல் அந்தக் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, கையில் காசில்லாமல் நின்றபோது ஆள் சேர்க்கும் பொறுப்பை ஏற்றவர். 2017 ஏப்ரலில் இத்தாலியின் ரோமாவுக்குப் போனவர்.

ரோமா சலாவை 4.2 கோடி யூரோவுக்கு லிவர்பூலுக்கு விற்றது 2017 ஜூனில். மோன்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் நிதி விதிகளின்படி ரோமா ஜூன் 30ஆம் தேதிக்குள் கணக்கை நேராக்கியாக வேண்டிய நிலையில் இருந்தது. விற்றே தீர வேண்டியவனுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை, மழைக்கு முன் உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்த எந்த விவசாயியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போதாததற்கு, அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் கிளப் நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ கொடுக்கவும், உலகம் முழுவதும் ஆட்டக்காரர்களின் விலையே எகிறிவிட்டது. ஆகஸ்டு விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜூனில் விற்றவரை ஏமாளி என்பது நியாயமாகாது. சலா அடுத்த பருவத்தில் இங்கிலாந்து லீகில் 32 கோல் அடித்ததும், அதே பருவத்தில் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீகின் அரையிறுதியில் ரோமாவுக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டு, லிவர்பூல் மொத்தத்தில் 7க்கு 6 என்று முன்னேறியதும் மோன்சிக்கு நேர்ந்த கொடுமை என்பேனே தவிர, அவர் செய்த தவறு என்று சொல்லமாட்டேன்.

இனி வாங்கிய பக்கம். கிளாப் முதலில் கேட்டது ஜெர்மனியின் ஜூலியன் பிராண்டை என்றும், எட்வர்ட்ஸும் அவருடைய ஆய்வுக் குழுவும் சலாதான் வேண்டும் என்று விடாமல் நின்றார்கள் என்றும் பரவலாகச் செய்தி வெளிவந்தது. அந்தக் குழுவில் எண்களைக் கவனித்த இயன் கிரஹாம் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். எனவே எட்வர்ட்ஸ் கட்சி நண்பருக்கு ஒரு மதிப்பெண். ஆனால் இதே சலா 2014இல் செல்சீக்கு வந்து, ஆட வாய்ப்பின்றிப் பெஞ்சில் காத்திருந்தவர் என்பதை அவர் மறந்துவிட்டார். அங்கேயும் யாரோ ஒருவர் சரியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார். வாங்கிய ஆளை வைத்து என்ன செய்வது என்று தெரிந்தவர் அங்கே இல்லாமற்போயிற்று. இது கிளாப் கட்சிக்கு ஒரு மதிப்பெண்.

ஓர் ஆள் சேர்ப்பவரை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது அவர் விற்ற பட்டியலை. 2013இல் 85 லட்சம் பவுண்டுக்கு வந்த கூட்டின்யோவை, 2018 ஜனவரியில் கூடுதல் தொகைகளையும் சேர்த்து 14.2 கோடி பவுண்டுக்குப் பார்சிலோனாவிடம் விற்றார் எட்வர்ட்ஸ். அதற்குச் சில நாள் முன்னதாகவே 7.5 கோடி பவுண்டுக்குத் தற்காப்பு வீரர் வான் டைக் வருவது அறிவிக்கப்பட்டிருந்தது. அதாவது, கையில் பெரிய பணம் இருப்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே சாமான் வாங்கியாகிவிட்டது. அதே 2018 கோடையில் ரோமாவிலிருந்து கோல்கீப்பர் அலிசன். அதற்கு முந்தைய கோடையில், தரமிறங்கிய ஹல் அணியிலிருந்து வெறும் 80 லட்சம் பவுண்டுக்கு ஆண்டி ராபர்ட்சன். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் முப்பது ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம். எதிர்ப் பக்கத்தில் எழுத வேண்டியதும் உண்டு. 5 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய நாபி கெய்ட்டா, பாதி நாள் காயத்திலேயே கழித்து, 2023இல் ஒரு காசும் வராமல் வெளியேறினார். அணியின் வலது பக்கத்தை ஆண்ட அலெக்சாண்டர்-ஆர்னால்டோ யாரும் வாங்கிவந்தவர் அல்லர். சிறுவயது முதல் அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், எட்வர்ட்ஸைவிட மோன்சியின் செவியாக் காலத்தையே பெரிது என்பேன். பிரேசிலின் பாஹியாவிலிருந்து டானி ஆல்வஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையனைக் கொண்டுவந்து, சில ஆண்டு ஆடவைத்து, 2008இல் பார்சிலோனாவுக்குப் பெரும் விலைக்கு விற்றது. சொந்தப் பட்டறையில் வளர்ந்த செர்கியோ ராமோஸை 2005இல் 2.7 கோடி யூரோவுக்கு ரியல் மாட்ரிடுக்குக் கொடுத்தது. இப்படி ஒவ்வொரு பருவமும் முதுகெலும்பை விற்றுவிட்டு, 2006, 2007, 2014, 2015, 2016 என்று ஐந்து முறை ஐரோப்பாவின் இரண்டாம் கோப்பையை வென்றது சாதாரணக் காரியம் அன்று. அவர் ஆள்கள் ஆளுக்கொரு நாட்டு லீகை எடுத்துக்கொண்டு, முதல் ஐந்து மாதம் யாரையும் குறிவைக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெயர்கள் தேறிய பிறகு, அதே ஆட்டக்காரரைச் சொந்த மைதானத்திலும் வெளியூரிலும் வெவ்வேறு கண்கள் பார்க்கும். இந்தப் பொறுமை ரோமாவில் அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கே பாஸ்தோரே, என்சோன்சி, ஷிக் என்று அவர் வாங்கிய பெரிய விலைப் பெயர்கள் சோபிக்கவில்லை. 2019 மார்ச்சில் வெளியேறினார்.

ரோமா ரசிகர்கள் அவரை இன்னும் திட்டுவதாகவே கேள்வி. ஆனால் 2018இல் ரோமாவின் நயிங்கோலனை இன்டர் என்ற இன்னொரு இத்தாலியக் கிளப்புக்கு அனுப்பியபோது, மாற்றாக வந்தவர்களில் ஸனியோலோ என்ற பதினெட்டு வயதுப் பையனும் இருந்தான். 2022 மே மாதம் திரானாவில் நடந்த, ஐரோப்பாவின் மூன்றாம் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீகின் இறுதியில் ரோமாவின் ஒரே கோலை அடித்தவன் அவன்தான். 14 ஆண்டுக்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கோப்பை வந்தது. அப்போது மோன்சி போய் மூன்று ஆண்டு ஆகியிருந்தது. இந்த வரவை யார் பெயரில் எழுதுவது என்று உங்கள் நண்பர்களையே கேளுங்கள். அதேபோல, ரோமா விற்ற சலாவும் அலிசனும் மோன்சிக்கு முன்னவரான வால்டர் சபாத்தினி காலத்தில் வந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (உதகமண்டலம்): என் மகன் பால்டிமோரில் வேலை பார்க்கிறான். அங்கே அவர்கள் 'ஃபுட்பால்' என்பது கையால் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். உள்ளூர் ரேவன்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜராக இருந்த ஆஸி நியூசமைப் பற்றி அவன் அலுவலகத்தில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறதாம். அவரையும் உங்கள் மோன்சியையும் ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம்; தராசு மட்டும் வேறு. அங்கே ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்கும் வழக்கம் இல்லை. கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற வரிசை முறையில் பிரித்துக்கொள்கிறார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அணி மொத்தத்துக்கும் இவ்வளவுதான் சம்பளம் என்று 1994 முதல் உச்சவரம்பும் இருக்கிறது. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பணம், ஒரே பட்டியல் என்பதால், மேலாளரின் கண் எப்படிப்பட்டது என்று பார்க்க ஐரோப்பாவைவிட அமெரிக்காவே வசதியான இடம்.

நியூசம் தாமே அந்த ஆட்டத்தில் புகழ்பெற்ற வீரர். 1996இல் அணி கிளீவ்லாந்திலிருந்து பால்டிமோருக்கு இடம்பெயர்ந்த ஆண்டில் நடந்த முதல் டிராஃப்டிலேயே, நான்காவது இடத்தில் ஜோனதன் ஆக்டனையும் 26ஆவது இடத்தில் ரே லூயிஸையும் எடுத்தார். இருவரும் பிற்பாடு அந்த ஆட்டத்தின் புகழ்க் கூடத்தில் இடம்பெற்றவர்கள். 2001 ஜனவரியிலும் 2013 பிப்ரவரியிலும் அவருடைய அணி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. 2002இல் ஜெனரல் மேனேஜர் என்ற பெயருடன் பதவியேற்றபோது, அந்த லீகில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

அவரைக் குறை சொல்பவர்கள் கையில் எடுப்பது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தை. 2003இல் 19ஆவது இடத்தில் அவர் எடுத்த கைல் போலர் தேறவில்லை என்பது உண்மை. ஆதரிப்பவர்களோ 2018ஐக் காட்டுவார்கள்: தம் கடைசி டிராஃப்டில், முதல் சுற்றின் கடைசியான 32ஆவது இடத்தில், பின்னர் இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற லமார் ஜாக்சனை எடுத்தாரே என்பார்கள். உங்கள் மகனிடம் இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள். அதே சுற்றில் 25ஆவது இடத்தில் நியூசமுக்கு வாய்ப்பு வந்தபோது ஜாக்சன் எடுக்கப்படாமல்தான் இருந்தார். நியூசம் எடுத்தது ஹேடன் ஹர்ஸ்ட் என்பவரை. அப்புறம் இன்னொரு அணியுடன் இடம் மாற்றிக்கொண்டு முதல் சுற்றுக்குள் திரும்பி வந்துதான் ஜாக்சனைப் பிடித்தார். ஆக, எல்லாரையும் போல அவரும் ஒருமுறை கையை நீட்டாமல் இருந்தார், மறுமுறை நீட்டினார். இதை ஞானக்கண் என்று சொல்வதும் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்வதும் மிகை. முதல் முறை விட்டதைச் சரிசெய்ய வழி தேடியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (வெலிங்டன்): பணம் மட்டும் இருந்தால் அணியை யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று என் மைத்துனர் சொல்கிறார். சரியா?

பதில்: மான்செஸ்டர் யுனைடெட் பால் போக்பாவை 2012இல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் அனுப்பிவிட்டு, 2016இல் அதே போக்பாவை 8.9 கோடி பவுண்டுக்குத் திரும்ப வாங்கி, 2022இல் மறுபடியும் ஒன்றுமில்லாமல் அனுப்பியது. மைத்துனரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): நான் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன். கவாத்து வெட்டினால் சில மாதம் இலை வராது. பொறுத்துத்தான் ஆக வேண்டும். அணியைக் கலைத்துக் கட்டுகிறேன் என்று சொல்லும் மேலாளருக்கும் அந்தப் பொறுமையை ரசிகர்கள் தர வேண்டாமா? யுனைடெட் ரசிகர்கள் ஆளுக்கு ஆள் திட்டுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பதில்: உவமை அழகானது, ஆனால் அது தங்கள் கட்சிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. கவாத்துக்கு ஒரு முறை இருக்கிறது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட பட்டியில் மட்டும் வெட்டுவீர்கள்; மற்றப் பட்டிகளில் இலை பறித்துக் குடும்பம் நடக்கும். வெட்டிய செடியில் சில வாரத்திலேயே துளிர் தெரியும். தெரியாவிட்டால் செடி பட்டுவிட்டது என்று தங்களுக்கே புரிந்துவிடும். முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டிப்போட்டு, அடுத்த ஆண்டு வேறொரு மேஸ்திரியை அழைத்து வேறு உயரத்தில் மறுபடியும் வெட்டச் சொல்பவரைத் தாங்கள் என்ன சொல்வீர்கள்?

யுனைடெட்டில் நடந்தது அதுதான். 2013இல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்ற பிறகு மோயஸ், வான் கால், மொரீன்யோ, சோல்ஷேர், டென் ஹாக் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வகை ஆட்டம். முன்னவருக்காக வாங்கியவர்கள் பின்னவருக்கு ஆகமாட்டார்கள். இத்தனைக்கும் நடுவில், பயிற்சியாளர் யார் வந்தாலும் ஆள் சேர்ப்பைத் தொடர்ச்சியாகக் கவனிக்க ஃபுட்பால் டைரக்டர் என்று ஒருவரை அந்தக் கிளப் முதன்முதலாக நியமித்தது 2021 மார்ச்சில்தான். எட்டு ஆண்டு மேஸ்திரிகளை மாற்றிய பிறகே தோட்டத்துக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பொறுமை கேட்கும் மேலாளரிடம் ரசிகர்கள் கேட்க வேண்டியது, எந்தப் பட்டியில் வெட்டினீர்கள், துளிர் எங்கே என்பதைத்தான். பத்தொன்பது, இருபது வயதில் மூன்று பேர் முதல் பதினொன்றில் நிலைத்துவிட்டால், தோல்வி வந்தாலும் நான் காத்திருப்பேன். முப்பது வயதானவர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே மறுகட்டுமானம் என்று பேசுபவருக்காக ஒரு வாரமும் காத்திருக்கமாட்டேன்.

கேள்வி (அருவங்காடு): எங்கேயோ இருக்கும் இங்கிலாந்தையும் இத்தாலியையும் பேசுகிறீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கினால் எட்டும் தூரத்தில், கோவை நேரு ஸ்டேடியத்தில் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியைக் கட்டியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2019 மார்ச் 9ஆம் தேதி, இந்தியக் கால்பந்துப் போட்டியான ஐ லீகின் கடைசி நாள் ஆட்டத்தைப் பார்க்கக் குன்னூரிலிருந்து காலை பஸ் பிடித்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். மலைக்காரன் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோவை வெயிலில் வியர்த்துக்கொண்டிருக்க, ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே வெல்லாமல் போனால், அங்கே அவர்கள் வென்றால், பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். என் முன்வரிசையில் இருந்தவர் செல்பேசியில் கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, அதன்பின் தற்காப்பு வீரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3க்கு 1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே வென்றது. 20 ஆட்டத்தில் 43 புள்ளி, அவர்களுக்கு 42.

முந்தைய பருவத்தில் அட்டவணையின் அடிப்பகுதியில் தவித்த அணி அது. உரிமையாளர் தரப்பும் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸும் செய்த காரியம் எளிமையானது: பெயர்பெற்ற கிழட்டு நட்சத்திரம் எவரையும் தேடாமல், ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ, எஸ்லாவா ஆகியோரைக் கொண்டுவந்து, அவர்களைச் சுற்றி எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற நம் இளைஞர்களை நிறுத்தினார்கள். ஒரே மொழியும் ஒரே வகை ஆட்டப் பழக்கமும் கொண்ட நான்கு பேர் நடுவில் இருந்ததால், பந்து எங்கே போகும் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார்.

வென்றது ஒரு பாதி. வென்ற பிறகு வைத்துக்கொள்வது மறுபாதி. அதில் அந்தக் கிளப்புக்கு மதிப்பெண் போட என்னால் இயலவில்லை. கோர்டில்லோ ஹைதராபாத்துக்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி. என்ற வேறு கிளப்புக்கும், மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போய்விட்டார்கள். இதற்கு மேலாளர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. அப்போது ஐ.எஸ்.எல். என்ற மற்றோர் இந்திய லீகின் பக்கம் சம்பளமும் வெளிச்சமும் அதிகம். மோன்சி ஆள்களை விற்றபோது அந்தப் பணத்தில் அடுத்த இரண்டு பேரை வாங்கினார், ஒப்பந்தம் முடிந்து நடந்து போகிறவரிடமிருந்தோ எந்தக் கிளப்புக்கும் வரவு ஒன்றுமில்லை.

கேள்வி (பந்தலூர் அருகே ஒரு கிராமம்): எங்கள் ஊர் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணியை ஒன்பது ஆண்டு ஒரு பெரியவர் மேலாளராக நடத்தினார். சிறுவர்களின் பெயர், வயது, எந்தக் கால் நன்றாக வரும் என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். ஒன்பது ஆண்டில் ஒரே ஒரு கோப்பை. போன ஆண்டு கமிட்டி அவரை மாற்றியது. புதியவர் மலப்புறத்திலிருந்து கெஸ்ட் பிளேயர்களை இறக்கி, ஒரே சீசனில் இரண்டு கோப்பை வாங்கிவிட்டார். இப்போது ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. நான் பழையவர் கட்சி. எங்கள் வாதத்துக்குத் தாங்கள் ஏதாவது பலம் சேர்க்க முடியுமா?

பதில்: தாங்கள் கேட்பது தீர்ப்பை அன்று, வக்கீலை என்று தெரிகிறது. என்னால் முடிந்தது சில குறுக்கு விசாரணைகள்.

இரண்டு கோப்பை வென்ற ஆட்டங்களில், ஏழு பேரில் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் முழு நேரமும் ஆடினார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் அந்த நீள நோட்டில் இருக்கிறது? கெஸ்ட் பிளேயருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தது போக, கமிட்டி உண்டியலில் மீதி என்ன? மூன்று பேர் ஊர்ப் பையன்களாக இருந்து, அவர்கள் பழையவர் வளர்த்தவர்களாக இருந்தால், கோப்பையில் பாதி அவருடையது. அதே சமயம், புதியவர் வந்துதான் அந்த மூவரும் வென்றார்கள் என்பதையும் தாங்கள் மறைக்கக் கூடாது. நல்ல ஆள்களை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டில் ஒரு கோப்பை என்றால், பக்கத்தில் நிறுத்த வேண்டிய நான்கு பேரைப் பெரியவரால் தேட முடியவில்லை என்றுதான் பொருள். வளர்க்கத் தெரிந்தவருக்கு வாங்கத் தெரியாமல் இருப்பது புதுமை அன்று. ஐரோப்பாவில் அதற்காகவே இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. இளமையில் ஓர் எஸ்டேட் அணிக்கு ஆள் பொறுக்கும் வேலை இரண்டு ஆண்டு என்னிடம் இருந்தது. ஆடி மாத மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல்கீப்பர் வேண்டும் என்று வந்தவர்களில் குட்டையான பையன் ஒருவன். பத்து நிமிடம் பார்த்தேன். நான்கு முறை பந்து கையிலிருந்து நழுவியது. 'உயரமும் இல்லை, கையும் இல்லை' என்று அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து ஓர் இறுதி ஆட்டத்தில், எதிர் அணியின் கம்பத்தடியில் அவன் நின்றான். பனிமூட்டத்தில் எங்கள் பக்கத்திலிருந்து அவன் உருவமே சரியாகத் தெரியவில்லை. நாங்கள் அடித்ததெல்லாம் மூட்டத்துக்குள் போய் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.

தோற்றதற்காக நான் வெட்கப்படவில்லை. எல்லாரும் ஒருவரையாவது தவறவிடுவார்கள். ஆட்டம் முடிந்து கை கொடுக்கப் போனபோதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நினைவுக்கு வந்தது. அன்று அவன் கையில் இருந்தது கோல்கீப்பர் கையுறை இல்லை. அம்மா பின்னியது போன்ற கம்பளிக் கையுறை, மழையில் ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கிட் பையில் நல்ல கையுறை ஒரு ஜோடி சும்மா கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் கணக்கில் கழிக்க வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தைத்தான், இறுதி ஆட்டத்தை அன்று.

தங்கள் பெரியவர் ஒவ்வொரு பையனையும் எத்தனை முறை, எந்த நிலையில் பார்த்தார் என்பதை அந்த நோட்டு சொல்லும். புதியவரும் அடுத்த சீசனுக்குப் பையன்களைத் தேடியாக வேண்டும். மலப்புறத்து ஆள்கள் எல்லா ஆண்டும் வரமாட்டார்கள். கட்சி சேர்ப்பதற்கு முன்னால், அந்த நோட்டு இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.